பரமேஸ் மிஸ்ஸும் வாளிப் புழுக்களும்

"ஆன்ரி, பெரியம்மா மோசம் போயிட்டா" என்று பரமேஸ் இறந்த செய்தியைத் தெஹிவளையிலிருந்து அவரின் தங்கை மகள் தொலைபேசியில் சொன்னாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும்வரை அப்படியே நின்றேன். பரமேஸோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? ஆனால் அந்த வாளிக் கதையைப் பலர் அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்றவள் நான்.

யுத்த காலம். வெள்ளவத்தைக் கால்வாயோரம் ஒரு கிழட்டு மாரா மரம். அதன் பொந்தில் தேங்கிய மழைத்தண்ணீர், உளுத்த மரத்தூளோடு சேறாகிக் கிடக்கும். அந்தச் சேற்றில்தான் பரமேஸின் ஈக்கள் வளர்ந்தன. குளவி போல மஞ்சள் வரி, ஆனால் கொட்டாது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். விலங்கியல் படிப்பித்த அவர் கொழும்பெங்கும் தேடியும் வேறு மரத்தில் அவற்றைக் காணவில்லை. "உளுத்த பொந்து வேணும், வத்தாத தண்ணி வேணும், கிட்டடியில பூ வேணும். ஒண்டு குறைஞ்சாலும் இதுகள் இல்லை" என்பார். கணக்கியல் படிப்பித்த எனக்கு ஈ ஓட்ட மட்டுமே தெரியும் என்று சீண்டினால் கோபம் வராது. முதலிலிருந்து மறுபடி விளக்குவார். அதற்குக் கோபமே பரவாயில்லை.

பக்கத்து இராணுவக் காவலரணுக்குப் பார்வையை மறைக்கிறது என்று மரத்தைத் தறிக்க முடிவாயிற்று. பரமேஸ் அதைத் தடுக்க மனுவோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். "சனமே சாகுது, உமக்கு ஈயோ?" என்று கேட்டேன்.

"சனம் சாகுதெண்டு இதையும் சாகவிடுறதோ?" என்றார்.



மரம் விழுவதற்கு முதல் நாள், சேற்றைப் புழுக்களோடு வாளியில் அள்ளினார். தெஹிவளையில் தங்கை வீட்டு மாமரத்தில் ஒரு பொந்து இருந்தது. இருவரும் பஸ் ஏறினோம். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள்.

"மேக்க மொகக்த?" என்று வாளியைக் காட்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

"பணுவோ" என்று மூடியைத் திறந்தார் பரமேஸ். வாலால் மூச்சுவிடும் அந்தப் புழுக்கள் நெளிந்தன. நாற்றத்தில் அவன் மூக்கைப் பொத்தினான்.

கொழும்பில் தங்குவதற்குத் தமிழர்கள் பொலிஸில் பதியவேண்டியிருந்த நாட்கள் அவை. எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தவன், "இவர்களைப் பதிந்தாயிற்றா?" என்று புழுக்களைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். பயத்தில் நானும் சிரித்தேன்.

பரமேஸ் சிரிக்கவில்லை. "தேவையில்லை. இவை இங்கேயே பிறந்தவை" என்றார் சிங்களத்தில், வகுப்பில் பேசும் அதே குரலில். அவன் சிரிப்பு நின்றது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அட்டைகளைத் திருப்பித் தந்து, போகும்படி கையைக் காட்டினான்.

மாமரத்தில் ஈக்கள் பிழைத்துக்கொண்டன. பரமேஸின் படம்கூட என்னிடம் இல்லை. அந்தப் பதில் இருக்கிறது. அதற்குப் பிறகும் எத்தனையோ சாவடிகளில் பயந்து நின்றிருக்கிறேன். சிரித்ததில்லை.