வேதாவுக்குத் திரும்பிய வயசு

திருப்பதியில் ஒரு கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறேன். மாதவிலக்கு நின்று எட்டு வருடம் கழித்து, என் மனைவி வேதாவுக்கு மறுபடி உதிரம் பட்டது.

"ஏன்னா, பயமா இருக்கு."

"உனக்கு வயசு திரும்பிடுத்துடி. என் தலைமுடிதான் திரும்ப மாட்டேங்கறது!" என்று வழுக்கையைத் தடவினேன். மடி கெடக்கூடாதென்று, பட்டபோதெல்லாம் மூன்று நாள் அவளைப் பின்னறையில் ஒதுக்கி வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து வயிறு வீங்கியபோதுதான் டாக்டரிடம் போனோம்.

"சூலகத்துல அபூர்வமான புற்றுநோய். கட்டியே ஹார்மோன் சுரக்கும், அதான் ரத்தம். அப்பவே வந்திருக்கலாமே?" என்றார். கட்டி உடைந்து பரவியிருந்தது. இப்போது கீமோ நடக்கிறது.

"ஆத்துல மாமி விலக்கு, நான்தான் சமையல்" என்று சக சமையல்காரர் யாராவது அலுத்துக்கொண்டால், "மாமிக்கு என்ன வயசு ஓய்? ஐம்பது தாண்டியிருந்தா இன்னிக்கே டாக்டர்ட்ட கூட்டிண்டு போம்" என்கிறேன்.

என் புதுக் கிண்டல் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.