வாசலில் ஆள் நிற்கும் கடை

ஸ்தாமாதிஸுக்குப் பிழைப்பே வாய்தான். ஏதென்ஸில், பிளாக்கா என்கிற பழைய பேட்டையின் படிக்கட்டுத் தெருவில், லாம்ப்ரோஸின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிற வெளியூர்க்காரர்களை உள்ளே இழுத்துப் போடுவது அவன் வேலை. செருப்பைப் பார்த்தே எந்த நாட்டுக்காரன் என்று சொல்லிவிடுவான். எல்லா மொழியிலும் நாலு வார்த்தை தெரியும். நாலும் பொய். என் பெட்டிக்கடை எதிரே, சந்து முனையில் இருக்கிறது. கோடை முழுக்க அவன் கத்தலைக் கேட்டே என் காது புளித்துப்போனது.

"வாங்கம்மா, வாங்க! ஃப்ரீசர் சமாச்சாரமே கிடையாது, எல்லாம் காலையில செஞ்சது. என் பொண்டாட்டிதான் சமைக்கிறா, நம்புங்க!"

அங்கே யார் சமைத்தார்கள்? கத்தரிக்காயும் கறியும் அடுக்கி உறையவைத்து, லாரியில் கட்டிகட்டியாக வந்து இறங்குகிற முசாக்காவைச் சூடுபண்ணிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தான், அவ்வளவுதான். ஸ்தாமாதிஸ் அந்தக் கடையில் ஒரு துண்டு ரொட்டிகூட வாயில் வைத்ததில்லை. மத்தியானக் கூட்டம் வடிந்ததும் என் கடையைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போவான். அங்கே அவன் மனைவி ஃபோத்தினி ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள்.

ஃபோத்தினியின் கடையில் விலைப்பட்டியல், படம் எதுவும் கிடையாது. நேரே அடுப்பங்கரைக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்து, இது வேண்டும் அது வேண்டும் என்று கை காட்ட வேண்டியதுதான். தக்காளியில் வெந்த பெரிய மொச்சை, ராத்திரி முழுக்கத் தணலில் கிடந்த கொண்டைக்கடலை, வெள்ளிக்கிழமையானால் உப்பில் ஊறிய மீன். ஒயின் பீப்பாயிலிருந்து தகரக் குவளையில், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று; ஒயினுக்கும் எங்கள் ஊரில் எடைக் கணக்குதான். லாம்ப்ரோஸ் கடையில் ஒருத்தர் சாப்பிடுகிற காசுக்கு இங்கே ஒரு குடும்பமே வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நல்ல சாப்பாடு மலிவாக எங்கே கிடைக்கும் என்று போனைத் தடவிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார்களே, அவர்களுக்கு அது நாலெட்டுத் தள்ளி ஆறிக்கொண்டிருந்தது. என் வயிற்றெரிச்சல் யாருக்குத் தெரியும்!

முன்பெல்லாம் அச்சகத்துக்காரர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். அவர்கள் இருந்த வீடெல்லாம் வெளியூர்க்காரர்கள் தங்குகிற அறைகளாகிவிட, ஆட்கள் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஃபோத்தினி கடையின் வாடகையைக் கட்டியது லாம்ப்ரோஸ் கொடுத்த சம்பளம்தான். அதாவது, கெட்ட சோற்றுக்கு ஆள் பிடித்து நல்ல சோற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, ஒரு நாலு பேரை இந்தப் பக்கம் தள்ளிவிட்டா கொறைஞ்சா போயிடுவே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெல்ப்போக்கா, லாம்ப்ரோஸ் கண்ணு என் முதுகுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒருத்தன் சந்துல திரும்பினாலும் அன்னைக்கே என் சீட்டு கிழிஞ்சிடும்."

அந்த வசந்தத்தில் கட்டட முதலாளி வந்தான். கோடை முடிந்ததும் புது வாடகை கொடு, இல்லையென்றால் காலி பண்ணு, இங்கேயும் அறைகள் கட்டப்போகிறேன் என்றான். ஃபோத்தினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்தாமாதிஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே லாம்ப்ரோஸிடம் வேலையை விட்டான்.

"ஊரான் கடையை ரொப்பின வாய், உன் கடையை ரொப்பாதா? பாத்துக்கிட்டே இரு!" என்றான் மனைவியிடம். ஃபோத்தினி அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன். புது மேஜைத்துணிகூட வாங்கிப்போட்டாள்.

மறுநாளிலிருந்து ஃபோத்தினி கடை வாசலில் நின்று கத்தினான். ஒரு ஈ காக்கா உள்ளே போகவில்லை. பாவி, எனக்கே புரியவில்லை. ஒரு ஜோடி வந்தது, ஹாலந்துக்காரப் பிள்ளைகள். மொச்சை வாசனை மூக்கில் ஏறி, சந்துக்குள் நின்றேவிட்டார்கள். இவன் பாய்ந்தான். "வாங்க வாங்க! ஃப்ரீசர் கிடையாது, என் பொண்டாட்டிதான் சமைக்கிறா!" ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினார்கள். என்னிடம் வந்து தண்ணீர் வாங்கினார்கள்.

"இங்க நல்ல சாப்பாடு, விலை ஜாஸ்தியில்லாம, எங்கம்மா கிடைக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இப்ப நின்னீங்களே, அதுதான்."

"அங்கயா? வாசல்ல ஆள் நின்னு கூப்பிட்டா அந்தக் கடைக்குள்ள காலே வைக்காதேன்னு எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினாங்க."

"அட, அவன் பொண்டாட்டி கடைம்மா அது. நெசமாவே அவதான் சமைக்கிறா."

அவள் சிரித்துவிட்டாள். "போன வருஷம் எங்கக்கா வந்தப்பவும், அந்தப் பெரிய கடை வாசல்ல ஒருத்தன் இதையேதான் சொன்னானாம்."

உண்மையைச் சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் அவன் லாம்ப்ரோஸின் முசாக்காவுக்கே செலவழித்துத் தீர்த்திருந்தான்.

மறைத்துவைத்து என்ன ஆகப்போகிறது? அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நம்பவில்லை. பிறகு சும்மா உட்காருகிறேன் என்று ஒரு நாற்காலி போட்டுக்கொண்டான். உட்கார்ந்தால் மட்டும்? யாராவது சந்து முனையில் தலை காட்டினால் உடம்பு தானாக எழும், கை தானாக நீளும். கடைசியில் ஃபோத்தினிதான் வெளியே வந்தாள்.

"ஸ்தாமாதிஸ், உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். எங்கயாவது போயிட்டு வா. நீ நிக்கிறதுதான் என் கடைக்குக் கேடு."

அவன் முகம் செத்துப்போயிற்று. துறைமுகம் பக்கம் போய்விட்டான். அன்று முதல் பகலெல்லாம் அங்கேயே கிடந்தான். அடடா, அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! முதலில் ஒரு மேஜை. மறுநாள் ரெண்டு. அந்த ஹாலந்துப் பெண்ணே திரும்பி வந்து, மூடியைத் திறந்து பார்த்து, குவளை ஒயினோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். போய் யார் யாரிடம் சொன்னாளோ, கோடை நடுவில் ஃபோத்தினியின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் வந்தது அன்றாடச் சரக்குக்குத்தான் சரியாக இருந்தது. அவன் சம்பளம் நின்றுபோனதால் பழைய வாடகையே பாக்கி விழுந்தது. கொஞ்ச மாதம் தாக்குப்பிடித்தால் கடை தானாக நிமிர்ந்துவிடும். அந்தக் கொஞ்ச மாதத்துக்குத்தான் வழியில்லை.

ஸ்தாமாதிஸ் திரும்பவும் லாம்ப்ரோஸ் முன்னால் போய் நின்றான்.

"வாடா மாப்பிள்ளை, வா," என்றானாம் அந்த ஆள், மணிமாலையை உருட்டிக்கொண்டே. "சம்பளம் பழைய மாதிரியே தர்றேன். ஒண்ணே ஒண்ணு. உன் பொண்டாட்டி கடையைக் கேட்டு எவன் வந்தாலும், இல்லைன்னு சொல்லி இங்க அனுப்பணும்."

ஒத்துக்கொண்டான். வாடகை கட்ட வேண்டுமே, வேறென்ன செய்வான்! என் கண்ணெதிரே சந்து முனையில் நின்றுகொண்டு, "மூடியாச்சு, மூடியாச்சு" என்று வருகிறவர்களைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் அவனோடு பேசுவதையே விட்டேன்.

ஒரு மத்தியானம் ரெண்டு பெண்கள் போனைக் கையில் பிடித்தபடி ஃபோத்தினி கடை எங்கே என்று அவனிடமே கேட்டார்கள். மூடியாச்சு என்றான். அவர்கள் நம்பவில்லை. நேற்றுத்தான் எங்கள் சிநேகிதி சாப்பிட்டாள், நீ பொய் சொல்கிறாய் என்று மல்லுக்கு நின்றார்கள். லாம்ப்ரோஸ் தன் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க," என்றான் ஸ்தாமாதிஸ். "மாரடைப்பு." சொன்னதும் அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவன் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னாள். ரெண்டு பேரும் லாம்ப்ரோஸ் கடைக்குள் போனார்கள். ஃபோத்தினி அப்போது தீப்பெட்டி வாங்க என் கடையில்தான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். வாயைத் திறந்தால் அவன் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? செத்தவள் மாதிரியே நின்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "மெல்ப்போக்கா, செத்தவளுக்கு எதுக்கு வாடகை கட்டணும்?" என்றாள்.

தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் சாவியைக் கொண்டுபோய்க் கட்டட முதலாளியிடம் கொடுத்துவிட்டாள். ஸ்தாமாதிஸ் என் கடை வாசலிலேயே அவளை மறித்து அழுதான்.

"உன் கடையைக் காப்பாத்தத்தானேடி செஞ்சேன்!"

"கடையை மட்டும்தானே காப்பாத்தினே," என்றாள். அவன் கையை விலக்கிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

இன்னமும் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். மூடியாச்சு என்கிறான். அவன் பேச்சை யார் நம்புவார்கள்? சந்துக்குள் போய் இழுத்துச் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பாவம், நீ சொன்னது நிஜம்தான், சந்தேகப்பட்டுவிட்டோம் என்று அவனிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அப்படியானால் நல்ல சாப்பாடு வேறெங்கே கிடைக்கும் என்று அவனையே கேட்கிறார்கள். அவன் லாம்ப்ரோஸ் கடையின் கதவைத் திறந்துவிடுகிறான்.