கமலக்கண்ணன் காரைத் தூக்கிய நாள்

கமலக்கண்ணனைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு மனசு வராது. ஆனால் எங்கள் தெருவில் வேறு யாரைப் பற்றி எழுதுவது? எல்லார் வாயிலும் அவன்தான்.

அவன் அப்பா முத்துவேல் வீட்டு முன் ரூமில் ஒரு குழித்தறி இருந்தது. தரையில் குழி எடுத்து, அதற்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிகட்டையை மிதித்து நெய்கிற தறி. ஜன்னல் ஓரமாக அதில் உட்கார்ந்து நான் கூலிக்கு நெய்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு வந்து உட்கார்ந்தவன், கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்தக் குழியில்தான் கால். கமலக்கண்ணன் யூனிஃபார்ம் போட்டுகினு என்னைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவான். ஷூவில் தூசி பட்டால் நின்று துடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். அப்பவே எனக்குப் பிடிக்காது.

ஐடிஐ படித்தான். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்தான். அவன் அங்கே இருந்தப்பதான் முத்துவேல் தறியைப் பிரித்துவிட்டுக் குழியை மூடினார். அப்பா போனதும் இவன் ஊருக்கு வந்து வீட்டுப் பின்பக்கம் விசைத்தறி போட்டான். நானும் விசைத்தறிதான் ஓட்டுகிறேன், இன்னொருத்தர் ஷெட்டில். போன வருஷம் முன்சுவரை இடித்து, ஷட்டர் மாட்டி, டைல்ஸ் ஒட்டி, ஒரு பழைய வெள்ளை மாருதியைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினான். நான் உட்கார்ந்த இடத்தில் கார்.

என் சம்சாரம் உண்ணாமலையும் அந்தக் காரில் ஏறித் தேவிகாபுரம் கோயிலுக்குப் போய் வந்தாள். காரில் இடம் இல்லையாம். நான் பின்னாலேயே மொபெட்டில் புகை குடிச்சிகினு போனேன்.

சரி, தூக்கின கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே ஆயில் மாற்றப் போகிறான் என்று தெருவே கூடிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கியரைப் போட்டான். பின்சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்தான். போனில் பார்த்துப் பார்த்து, காருக்கு அடியில் ஜாக்கி வைக்கிற இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தான். தூக்கினதும் ஸ்டெப்னி டயரை அடியில் படுக்கப் போட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. "இன்னாடா, கார் தூக்குறியா, கும்பாபிஷேகம் பண்றியா? லாரிக்காரன் ரெண்டு செங்கல்லு வச்சு ஜல்தியா வேலைய முடிச்சிகினு போறான்."

"செங்கல்லு நொறுங்கிடும்ணா. ஜாக்கி தூக்கறதுக்குத்தான். தாங்கறதுக்கு இந்த இரும்பு ஸ்டேண்டு. இது நிக்காம நான் அடியில போக மாட்டேன்."

"கேட்டுக்கோங்க," என்றாள் உண்ணாமலை எல்லார் முன்னாலும். "இவரு மொபெட்டுக்கு ஸ்டேண்டு உடைஞ்சு ஆறு மாசமா சுவத்துல சாஞ்சிகினு நிக்குது."

டீக்கடை வேடியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு முகம் எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பக்கச் சுவர் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் சுண்ணாம்புக் கறை. வெற்றிலை போடும்போது நான் விரலைத் துடைத்த கறை, பெயிண்ட் அடித்தும் போகவில்லை. அதற்கு நேர் கீழேதான் என் கால் இருக்கும். இப்போது அங்கே ஜாக்கி நின்றது. அடிப்பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி பட்டது.

கமலக்கண்ணன் ஒருக்களித்துப் படுத்து, ஸ்டேண்டை அடியில் நிறுத்தக் கையை உள்ளே விட்டுகினு இருந்தான்.

"டேய், கைய எடுடா! குழிடா அது!"

ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, ஸ்டேண்டை விட்டுவிட்டு உருண்டான். டைல்ஸ் 'படக்'கென்று உடைந்தது. ஜாக்கி சரிந்து உள்ளே இறங்கியது. கார் தொம்மென்று ஸ்டெப்னி மேலே உட்கார்ந்தது. ஓட்டையிலிருந்து கறுப்பாக உமிச்சாம்பல் கிளம்பியது. மேலே ரெண்டு கூடை ஜல்லி, அடியில் பூரா சாம்பல், இதுதான் முத்துவேல் குழி மூடின லட்சணம். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பளபளவென்று டைல்ஸ் வந்ததும் மறந்தே போய்விட்டேன். அவனுக்கோ சொல்ல ஆளில்லை.

அவன் பெண்டாட்டி கனிமொழி அலறிகினு ஓடி வந்தாள். அப்புறம் ஆரம்பித்தது.

"அந்த டயரை வச்சான் பாரு, அதான் கார் தப்பிச்சுது!" என்றான் வேடியப்பன். "இன்னா முன்யோசனை!"

முன்யோசனையாம். கத்தினது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை, "நீங்க கத்தினதுல எனக்கு உசுரே போச்சு" என்றாள். மேலே ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "நல்லவேளை, டயரு இருந்துச்சு," என்று உலை வைக்கப் போய்விட்டாள்.

சாயந்திரம் அவனே வந்தான், கையில் சாக்பீஸ். கண் கலங்கியிருந்தது.

"நீ கத்தலைன்னா என் கை இல்லண்ணா. குழி எதுவரைக்கும்னு கோடு போட்டுக் குடு. தோண்டிக் கான்கிரீட் போடுற வரைக்கும் அந்தப் பக்கம் ஜாக்கி வைக்க மாட்டேன்."

காரை வெளியே எடுக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்து காலை நீட்டினேன். இடம் காலுக்குத் தெரிந்தது. சுற்றிலும் கோடு இழுத்தேன், குழியைவிட ஒரு முழம் அதிகமாக.

"இவ்ளோ பெருசா இருந்துச்சாண்ணா?"

"ஓரம் சரியும்டா. ஜாக்கிரதைக்கு."

அதில் பாதி நிஜம். மீதி, அந்தக் கோட்டுக்கு வெளியே ஜாக்கி வைக்க வேண்டுமென்றால் பாதிக் கார் தெருவுக்கு வந்தாக வேண்டும். நேற்று அப்படித்தான் வெயிலில் முதுகு வேக வேலை பார்த்தான். நான் எங்கள் வீட்டு நிழலில் டீ குடிச்சிகினு பார்த்தேன்.

"அண்ணா, இங்க ஜாக்கி வைக்கலாமா? வந்து பாரு," என்று கூப்பிட்டான்.

டம்ளரை வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிப் போனேன். குதிகாலால் தரையைத் தட்டினேன். கல் மாதிரி இருந்தது. வேடியப்பன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். உண்ணாமலையும் வாசலுக்கு வந்தாள்.

"நாலு விரக்கடை தள்ளி வை," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

நாலு விரலை வைத்து அளந்து தள்ளி வைத்தான்.