முன்பாதி

"...அதனால முன்பாதி என்னுது. ஃபோர்க்கு, சக்கரம், ஏண்டில்பாரு. கழட்டிக் குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன். உங்கொப்பன்கிட்டச் சொல்லு சாமி" என்றார் பெரியப்பா.

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். இருந்தாலும் நான் அவர் பக்கம் திரும்பி, "முன்பாதி வேணுமாமா" என்றேன். காட்டைப் பாகம் பிரித்தபோது கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறு முற்றி, அண்ணன் தம்பி பேச்சு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் போய்வரும் ஒரே ஆள் அஞ்சாவது படித்த நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

பெரியப்பா தலை குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் தெரிந்ததுமே, அம்மா கொடுவாளை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மூடிமேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மோட்டார் சைக்கிள் எந்தக் கம்பெனியும் செய்யாதது. பெரியப்பாவின் பழைய வண்டியில் எஞ்சின் செத்துவிட்டது. அப்பாவின் வண்டிக்கு முன்பக்கம் நசுங்கிவிட்டது. உயிரோடிருந்த பாதிகளைச் சேர்த்து, திருச்செங்கோட்டு லேத்தில் ஒரு வளையம் கடைந்து கழுத்தில் கோத்து, இருவரும் கட்டிய வண்டி. சேந்தமங்கலம் சந்தையில் நிறுத்தினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். பாகம் பிரித்தபோது இதை மட்டும் யாரும் பேசவில்லை.

முந்தின வாரம் ஒரு வளைவில் ஹேண்டில்பார் பாதியில் கவ்விக்கொண்டு, அப்பாவும் நானும் விழுந்திருந்தோம். என் முகவாயில் மூன்று தையல். அப்படியும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். முன்பாதி போனால் பின்பாதி எதற்காகும்?

அப்பா எஞ்சினுக்கு அடியில் கல் அடுக்கினார். "எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். அவர் தாடை அசைந்துகொண்டே இருந்தது.

பெரியப்பா ஸ்பேனரை எடுத்தார். கழுத்து நட்டைக் கழற்றியதும் ஃபோர்க் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து துருத்தண்ணீர் வழிந்தது. கழுத்தை மூடியிருந்த ரப்பர் சீல் வறண்டு வெடித்து, அப்பளம்போல் கையோடு வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழத்தண்ணி பூராவும் உள்ள போயிருக்குது. உங்கொப்பனுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? கேளு சாமி."

"பெரியப்பா துணி கேக்கறாரு" என்றேன்.

அப்பா முறைத்தபடி துணியைக் கொடுத்தார். டிரம்மின் மேல் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா பயமா தெரியவில்லை.

பெரியப்பா கழுத்துப் பேரிங்கின் குண்டுகளை ஒவ்வொன்றாக டீசலில் கழுவி என் கையில் வைத்தார். நான் துடைத்துத் தட்டில் போட்டேன். புதுக் கிரீஸ் அப்பி அவற்றைக் கிண்ணத்தில் பதித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு புதுச் சீல். வடக்கே ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர். ரிக் சாமான் பையில் கிடக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

இனித்தான் இரண்டு ஆள் வேலை. ஒருவர் வண்டியின் கழுத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடியில் படுத்துச் சீலை விரலால் அழுத்தி ஃபோர்க்கை மேலே ஏற்ற வேண்டும். அப்பா தூக்கினார். கை நரம்பு புடைத்தது. பெரியப்பாவின் பத்து விரலும் இரும்புக்கு நடுவில் இருந்தன. அப்பா கையை விட்டால் போதும். அம்மா டிரம்மை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஐயோ, திருப்பிப் போடுங்கண்ணா!"

கத்தியது அப்பா. எட்டு மாதத்தில் முதல் சொல். என் வழியாக வராமல் நேராகவே போய்விட்டது.

பெரியப்பா விரல்களை உருவிச் சீலைப் பார்த்தார். அதன் மெல்லிய உதடு உள்பக்கம் பார்த்திருந்தது. ரிக்கில் எண்ணெய் வெளியே வராமலிருக்க அப்படித்தான் போடுவார்களாம். இங்கே மழை உள்ளே போகாமலிருக்க வேண்டும்.

"ரிக்குக் கை, அப்படியே போயிருச்சு" என்று சீலிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பிப் போட்டார்.

நட்டை இறுக்கி, ஒரே விரலால் ஹேண்டில்பாரைத் தள்ளினார். கவ்வாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. அந்த வளையத்துக்குப் பொருந்துகிற சீல் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அப்பா அந்த வாரம் முழுக்கப் புலம்பியதைப் பெரியப்பா வீட்டில் போய்ச் சொன்னதே நான்தான். ஆனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெரியப்பா ஸ்பேனரைத் துடைத்து வண்டியின் டூல் பெட்டியில் வைத்தார். கிரீஸ் படாத புறங்கையால் என் முகவாயைத் தூக்கித் தையலைப் பார்த்தார். பிறகு வரப்பில் இறங்கினார்.

பாவம், வந்த வேலையை மறந்துவிட்டாரே என்று எனக்குப் பதறியது. ஓடிப்போய், "பெரியப்பா, முன்பாதிய உட்டுட்டுப் போறீங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு, குச்சிக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார்.