உச்சிப்பொழுதுவரை திறக்காத அரிசி அறை

இதை எழுதப் பல வருடமாக எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுதத் தெரியாது என்று சாட்டுச் சொல்லி வந்தேன். உண்மையில் வெட்கம்தான். பாவசங்கீர்த்தனத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். சனங்களிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் பங்கில் உலை வைக்கும்போதெல்லாம் மாதாவுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்போம். அதை வீடு வீடாகச் சேர்த்துக் கோயில் அரிசி அறையில் வைப்பது என் பொறுப்பு. திருநாளன்று பங்குக் குருவான சுவாமி மந்திரித்த பிறகுதான் அதைச் சமைப்பது. அதற்கு முன் ஒரு மணியைத் தொட்டாலும் பாவம் என்று நம்பியிருந்தேன். அறையின் பூட்டுத் திறப்பு என்னிடம்தான் இருந்தது.

கடல் ஊருக்குள் வந்தது யேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள். காலைப் பூசை முடிந்து சுவாமி தோணியில் வாவி கடந்து படுவான்கரைக்குப் போயிருந்தார். நான் கோயில் கூட்டிக்கொண்டு நின்றேன். கடற்கரைப் பக்கமிருந்து சனம் கத்திக்கொண்டு ஓடி வந்தது. எங்கள் கோயில் வாவிக்கரை மேட்டில் இருப்பதால் எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். சைவச் சனம்தான் அதிகம்; முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. பாய் விரித்தேன், தண்ணீர் கொடுத்தேன், பீடத் துணிகளைக்கூடப் போர்த்தக் கொடுத்தேன். அரிசி அறையை மட்டும் திறக்கவில்லை. எங்கள் வீடும் கடைகளும் தண்ணீருக்குள் கிடந்தன. வேறு அரிசி எங்கும் இல்லை.

பிள்ளை பெற்று ஆறு நாளான பெண் ஒருத்தி ஈரச் சேலையோடு தூணில் சாய்ந்திருந்தாள். அவளின் தாய் என்னிடம் வந்தாள்.

“மகள், இவள் ராவுக்குப் பிறகு ஒண்டும் தின்னல்ல. பால் ஊறுதில்ல. ஒரு வாய் கஞ்சி வச்சித் தாவன்கா.”

“அது நேர்ச்சை அரிசி அம்மா. சுவாமி வரட்டும்.”

“எப்ப வருவார்?”

“இப்ப வந்திருவார்.”

வாவி பொங்கி நின்றது. தோணி வர ஏலாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

“மறுகா கடல் வருது!” என்று யாரோ கத்த, சனம் பீடத்தடிக்கு நெருக்கியடித்தது. கடல் அவ்வளவு தூரம் வரவில்லை. அந்தத் தாய் திரும்பவும் வந்து கேட்டாள். திரும்பவும் அதையே சொன்னேன். குழந்தையின் அழுகை மெலிந்து மெலிந்து, பிறகு கேட்கவேயில்லை.

ஆட்களைத் தேடிப் போயிருந்த என் கணவர் உச்சி வெயிலில் சேறும் சகதியுமாக வந்தார்.

“இன்னும் உலை வைக்கல்லியா?”

“சுவாமியிட்டக் கேக்காம...”

“நீ என்ன, மாதாட மாமியா? அவ கைப்புள்ளையோட வந்து வாசல்ல நிண்டாலும், சுவாமியக் கேட்டுட்டுத்தான் சோறு போடுவியாக்கும்!”

பக்கத்தில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதன் பிறகுதான் திறந்தேன்.

கஞ்சி கொதித்ததும் முதல் கோப்பையை நானே கொண்டு போனேன். தாய் கை நீட்டவில்லை.

“அந்தத் தம்பி தரட்டும். உங்களிட்டக் காலையில இருந்து கேட்டுட்டன்.”

என் கணவர் வாங்கிக் கொடுத்தார். பெண் குடித்தாள். குழந்தை கண் திறக்கவில்லை. நான் செபமாலையை எடுத்தேன், திரும்ப வைத்தேன். பொழுது சாய்கிற நேரம் குழந்தை முனகி, பிறகு பால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சுவாமி வந்தார். முழந்தாளில் நின்று எல்லாம் சொன்னேன். “இவ்வளவு சனத்துக்கும் அரிசி காணுமா?” என்று மட்டும் கேட்டார்.

யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து சனம் எங்கள் பங்குக்கு வந்தபோது, புதிதாக வந்த சுவாமி பிரசங்கத்தில் சொன்னார்: “கடல் வந்த அன்று, கேட்க முன்னமே அரிசி அறையைத் திறந்த தாய் ஒருவர் இந்தக் கோயிலில் இருக்கிறார்.” எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலை குனிந்தேன். அதைத் தாழ்ச்சி என்று நினைத்தார்கள். இப்போதும் பிடியரிசி சேர்க்கும்போது அந்தக் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

வாசிக்கிறவர்களே, இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் எனக்காக ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அந்தத் தாய் இரண்டு தரம் கேட்டாள், நான் இரண்டு தரமும் இல்லையென்றேன். அப்படியே சொல்லுங்கள்.