வலது பக்கம் கை நீட்டிய சாயங்காலம்

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். வக்கீல்கள் எழுதித் தருவதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பதுதான் வேலை. கடை ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஷட்டரைத் தூக்கிவிட்டால் எங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. குமுளிக்குப் போகிற பஸ்ஸும் ஜீப்பும் எங்கள் மூக்குக்கு நேரேதான் கியர் மாற்றும். ஒரு மழைக்காலத்தில் எனக்கு வந்த இருமல் மழை விட்ட பிறகும் விடவில்லை.

கம்பத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ரோட்டுப் புகை உங்களுக்கு ஒத்துக்கல. புகை பக்கம் போகாதீங்க" என்றார். உடம்பும் ஏறிவிட்டது என்றார். "சைக்கிள் ஓட்டத் தெரியுமா? தினமும் ஓட்டுங்க. நெஞ்சுக்கு நல்லது."

"சைக்கிள ரோட்டுலதான டாக்டர் ஓட்டணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் சும்மா நின்றது. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்து, சேலைத் தலைப்பை மூக்கோடு இழுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். இருபது வருஷத்துக்கு மேல் தொடாத சைக்கிள் கால் வைத்ததும் ஓடியது எனக்கே ஆச்சரியம்.

எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதில்தான் முதல் குழப்பம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "வலது பக்கமாப் போ. வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்ல. இடது பக்கம் போனா முதுகுல வந்து ஏத்துனாக்கூடத் தெரியாது" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இரண்டு நாள் அப்படியே போனேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத் திட்டினார்கள்.

மகள் அப்போது எல்.எல்.ஆர். பரீட்சைக்காகச் செல்போனில் சாலை விதிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். "ம்மா, எதுத்தாப்புல பாத்துப் போறது நடக்குறவுகளுக்கு. சைக்கிளு வண்டியில சேத்தி. இடது ஓரந்தான்" என்றாள். அப்படியே கை சைகையும் சொல்லிக் கொடுத்தாள். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை நேராக நீட்ட வேண்டும், உள்ளங்கை முன்னால் பார்த்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவர் முந்திப் போகலாம் என்று சொல்லவும் அதே வலது கைதான். அதைப் பின்னாலிருந்து முன்னால் வீச வேண்டும்.

"ரெண்டுக்கும் ஒரே கையா?" என்றேன்.

"ஒண்ணு ஆடாது, ஒண்ணு ஆடும். அவ்வளவுதான்."

இடது ஓரம் என்பது மனுக்களில் மட்டுமே இருக்கிற இடம் என்று போகப் போகத்தான் தெரிந்தது. விபத்து வழக்குகளில், 'மனுதாரர் சாலையின் இடது ஓரமாக, சாலை விதிகளை அனுசரித்து, மிதமான வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது' என்று எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். நிஜ ரோட்டில் இடது ஓரத்தில் மணல் கிடந்தது, சரக்கு ஆட்டோ நின்றது. பஸ் வந்து ஒதுங்கி ஆளை ஏற்றிக்கொண்டு, கிளம்பும்போது என் முகத்தில் கறுப்பாக ஊதிவிட்டுப் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டால் அடுத்த மூச்சில் இருமல் வந்தது. நெஞ்சுக்காக ஓட்டுகிறேனா, நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள ஓட்டுகிறேனா என்று புரியவில்லை. ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இருமல் குறைந்தது போலவும் இருந்தது, அப்படியே இருப்பது போலவும் இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகிற கார்கள் வரிசை கட்ட ஆரம்பித்தன. அந்த மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். முனையில் டீக்கடை. பின்னால் ஒரு கார் வருவது காதில் விழுந்தது, தூரத்தில்தான் வருகிறது என்று நினைத்தேன். வலது கையை நீட்டினேன். நீட்டும்போது மூக்கில் கட்டிய தலைப்பு அவிழ்ந்து காற்றில் அடித்தது. ரோடு அந்த இடத்தில் கொஞ்சம் மேடு பள்ளம். நான் வலது பக்கம் சாய்ந்து திரும்பவும், கார் என்னை வலது பக்கமாக முந்தவும் சரியாக இருந்தது. பின்சக்கரத்தில் இடித்த சத்தம் கேட்டது. அடுத்து நான் பார்த்தது ரோட்டில் கிடந்த என் செருப்பை.

காரிலிருந்து கறுப்பு வேட்டி, மாலையோடு நான்கு பேர் வெறுங்காலில் இறங்கி ஓடி வந்தார்கள். ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும். "சாமி, நீங்கதான கைய ஆட்டிப் போகச் சொன்னீங்க? சொல்லிட்டு நீங்களே திரும்பினா எப்படி சாமி?"

"நான் திரும்புறதுக்குக் கை காட்டுனேன்" என்றேன்.

டீக்கடைக்காரர், "யக்கா, கை ஆடுச்சுக்கா. நான் பாத்தேன். போன்னுதான் காட்டுன மாதிரி இருந்துச்சு" என்றார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் விடவில்லை. "அவுக நேராத்தான் நீட்டுனாக. நான் இங்கனதான உக்காந்திருந்தேன்? காருக்காரந்தான் அவசரப்பட்டான்." இருவரும் சண்டைக்கே போய்விட்டார்கள். ரோட்டில் உட்கார்ந்தபடி நான் யோசித்துப் பார்த்தேன். கை ஆடியதா? எனக்குத் தெரியவில்லை. அது என் கைதான், ஆனாலும் தெரியவில்லை.

இடது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. அவர்களே என்னைக் காரில் ஏற்றிக் கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே குளிர்ச்சி, சந்தன வாசம். ரோட்டுச் சத்தமே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கவனித்தேன், எனக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. அதே ரோடு, அதே புகைதான் வெளியில் போய்க்கொண்டிருந்தது. அதில் இந்தக் கார் விட்ட புகையும் உண்டு.

முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் போனார். கார் அவர் பின்னாலேயே ஊர்ந்தது. ஓட்டியவர் பயந்துபோய் முந்தவே இல்லை, ஹாரனும் அடிக்கவில்லை. என் கை வலித்தது. 'கொஞ்சம் ஒதுங்கினால்தான் என்ன' என்று அந்தப் பெரியவர் மேல் எரிச்சல் வந்தது. வந்த பிறகுதான் நான் நினைத்தது எனக்கே உறைத்தது.

எலும்பில் கீறல், மாவுக்கட்டு போட்டார்கள். மகள் வந்து சேரும்வரை நான்கு பேரும் வெளியில் நின்றார்கள். போகும்போது கார் ஓட்டியவர், "தப்பு யார் மேலன்னு எனக்குத் தெரியல சாமி. மன்னிச்சிருங்க" என்றார். நான் கேஸ் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் கடைக்கே மனுவும் எதிர்மனுவும் அடிக்க வந்திருக்கும். ஒன்றில் நான் இடது ஓரமாகப் போயிருப்பேன், இன்னொன்றில் திடீரென்று குறுக்கே திரும்பியிருப்பேன். இரண்டும் எனக்கு உண்மை போலவே பட்டன.

கட்டுப் பிரித்த பிறகு மகளுக்கு லைசென்ஸ் டெஸ்ட் வந்தது. துணைக்குப் போனேன். அவள் எட்டுப் போட்டுத் தேறியதும் டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "விதிப்படி நீங்க செஞ்சது சரிதாம்மா. ஆனா இந்த ரோட்டுல லாரிக்காரங்க கைய நீட்டினாலே போங்கன்னுதான் அர்த்தம். அவர் அப்படி எடுத்துக்கிட்டதும் தப்புன்னு சொல்ல முடியாது. பின்னால பாத்துட்டு நீட்டியிருக்கணும்."

"பின்னால பாத்தா முன்னால குழி தெரியாதே சார். அப்ப நான் என்னதான் செய்யிறது?"

அவர் அடுத்த ஆளின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். "பாத்துப் போங்கம்மா" என்றார்.

இப்போதும் சைக்கிளில்தான் போகிறேன். திருப்பம் வந்தால் இடது ஓரமாக இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டே தாண்டுகிறேன். போன வாரம் அப்படி நின்றிருந்தபோது, கேரியரில் பெரிய புல்லுக்கட்டோடு ஒரு அம்மா சைக்கிளில் வந்தார். கை காட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்படியே வலது பக்கம் திரும்பினார். ஒரு பஸ், ஒரு கார், பின்னால் ஒரு டெம்போ எல்லாம் கிரீச்சென்று நின்றன. அவர் பாட்டுக்குத் தெருவுக்குள் போய்விட்டார். அந்த வண்டிகள் கிளம்பிப் போன பின்னும், அடுத்தடுத்து வந்த வண்டிகளுக்கு வழிவிட்டு, நான் அந்தப் பக்கம் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.