சந்திரம்மாள் கொடுத்த கறுப்பி

'டொங்.'

பின்னறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில், டீ டம்ளரோடு நின்ற முன்னி பேகம் திரும்பிப் பார்த்தாள். செம்புப் பாத்திரத்தை யாரோ நகத்தால் சுண்டியதுபோல ஒரு சத்தம்.

"எலி," என்றார் அவள் கணவர் அன்வர் பாஷா, அவசரமாக. "பாத்திர ரூமு இல்ல? எலி ஜாஸ்தி."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்திரம்மாளுக்கு எலியைப் பற்றிக் கவலையில்லை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நசுங்கி, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மடியில் காலிக் கூடை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க என் கறுப்பி?"

அன்வர் பாஷா மூலையைக் காட்டினார். அங்கே கவிழ்த்து வைத்த கூடைக்குள் ஒரு கறுப்புக் கோழி நின்றிருந்தது.

ஐயோ, அது கறுப்பி இல்லையே!

முன்னி பேகம் பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். கணவர் கல்யாண பிரியாணி மாஸ்டர். இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டவள், தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. தன் மொட்டை மாடியில் கலப்பில்லாத சிறுவிடை நாட்டுக்கோழி வளர வேண்டும். நாலு பேர் அவளிடம் வந்து, "உங்க வம்சத்துல ஒரு குஞ்சு குடுங்க" என்று கேட்க வேண்டும்.

முதலில் ஹேச்சரிக் குஞ்சுதான் வாங்கினாள். 'அசல் நாட்டுக்கோழி' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. நன்றாகத்தான் வளர்ந்தன, முட்டையும் இட்டன. ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. மெஷின் சூட்டில் பொரிந்து, தாய்ச்சிறகையே அறியாத பரம்பரை அது. இட்ட முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்புறம்தான் சந்திரம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டாள். வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவே ஒரே வம்சத்தைக் கலக்காமல் காப்பாற்றுகிறவள். அவள் கோழியை விற்க மாட்டாள், வாரத்துக்குத்தான் விடுவாள். வளர்ப்பவருக்குப் பாதிக் குஞ்சு, அவளுக்குப் பாதி.

"என் சேவலோட இருந்துட்டு நேரா வர்றா. இப்ப இடுற முட்டை அத்தனையும் அசல்," என்று சொல்லித்தான் கறுப்பியைக் கையில் கொடுத்தாள். "ஆனா ஒண்ணு. பயந்த இடத்துல இவ அடைக்கு உக்கார மாட்டா. ஒன்றரை மாசம் கழிச்சு வருவேன். உக்கார்ந்திருந்தா உன் கோழி. இல்லாட்டி என் கூடையில ஏறிடுவா."

"ஹேச்சரிக்கு ஒரு போன் போட்டா வேன் வாசலுக்கு வருது," என்று அன்றைக்கே சிரித்தார் அன்வர் பாஷா. "இந்தம்மா இன்னாடான்னா, பொண்ணு குடுக்கிற மாதிரி மாப்ள வீடு பாக்குது!"

மொஹரம் பிறப்பதற்கு முதல் நாள் கறுப்பி வந்தாள். மாடியில் ஒரு முட்டைகூட இடவில்லை. கொஞ்ச நாளில் ஆளையே காணோம். தெருத் தெருவாகத் தேடி, அக்கம்பக்கத்துப் பூனைகளையெல்லாம் சபித்து, சோறு இறங்காமல் கிடந்தாள் முன்னி. மனசு கேட்காமல் தினமும் மாடியில் கம்பு இறைத்தாள். அது தீர்ந்துபோகும். அணில், என்று நினைத்துக்கொள்வாள்.

நேற்றுத்தான் அன்வர் பாஷா அதே நிறத்தில் ஒரு ஹேச்சரிக் கோழியைப் பிடித்து வந்தார். "கறுப்பு கறுப்புதான். அந்தம்மா இன்னா, ஆதார் கார்டா பாக்கப் போவுது?"

இப்போது சந்திரம்மாள் அந்தக் கவிழ்த்த கூடையைத் தூக்கக் கை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா! அது உங்க கோழி இல்ல. கறுப்பியத் தொலைச்சிட்டேன். உங்கள ஏமாத்த எனக்கு மனசு வரல."

சந்திரம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகம் கல்லாகிவிட்டது.

"தொலைஞ்சத அன்னிக்கே சொல்லியிருக்கலாம். இனிமே இந்த ஊட்டுக்கு என் கோழி வராது, முன்னி." காலிக் கூடையோடு எழுந்தாள்.

'டொங்.'

கூடவே, 'கியா... கியா கியா...'

"எலி கியான்னா கத்தும், பாய்?" என்றாள் சந்திரம்மாள்.

முன்னி ஓடினாள். மொஹரம் மாதத்திலும் அடுத்த மாதத்தின் முதல் பதின்மூன்று நாளிலும் கல்யாணம் கிடையாது. அதனால் ஒன்றரை மாதமாக யாருமே திறக்காத அறை. ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. பிரியாணி அண்டாவான பெரிய செம்பு டேக்சா சாய்ந்து கிடந்தது; அதற்குள், பழைய கோணியின்மேல், இறகெல்லாம் உப்பிக்கொண்டு ராணிபோல உட்கார்ந்திருந்தாள் கறுப்பி! அவள் அலகு பட்டுத்தான் டேக்சா ஒலித்தது. சிறகுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தன, ஈரம் உலர்ந்த சின்னத் தலைகள். ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பது!

"அணில் இல்லீங்க! இவதான் தெனம் வந்து கம்பு தின்னிருக்கா!" முன்னி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

சந்திரம்மாள் டேக்சாவுக்கு முன்னால் குந்தினாள். கறுப்பி அவளைப் பார்த்து உறுமினாள். முன்னியின் கை உள்ளே போனபோதோ சத்தமே இல்லை.

"பாத்தியா, என்னையே அதட்டுறா." சந்திரம்மாளின் கண் கலங்கியது. "பாய் வீட்டு பிரியாணி டேக்சாவுல போய் பயமில்லாம உக்கார்ந்திருக்கான்னா, உன்ன எவ்ளோ நம்பியிருக்கணும்! இனி இவ உன் கோழி. டவுன்ல கோழி கேக்கறவங்கள நேரா உங்கிட்டதான் அனுப்புவேன்."

இருபத்தைந்து வருடக் காத்திருப்புக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா?

"நாளைக்கு நிக்காஹ் ஆர்டர் இருக்கு..." என்று இழுத்தார் அன்வர் பாஷா. "அந்த டேக்சா..."

"வாடகைக்கு எடுங்க," என்றாள் முன்னி.

"என் சொந்த டேக்சா இருக்கிறப்பவா?"

"ஆதார் கார்டா பாக்கப் போறாங்க? டேக்சா டேக்சாதான்."

சந்திரம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் பங்குக் குஞ்சுகளை இப்போதே தாயிடமிருந்து பிரிக்க மாட்டேன், இறகு முளைக்கட்டும் என்றாள். ஹேச்சரிக் கோழியை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். "இதையும் வெச்சுக்கோ. முட்டைக்கு இத ஒரு குறையும் சொல்ல முடியாது."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "காலிக் கூடையோட இவ்ளோ சந்தோஷமா நான் ஊருக்குப் போனதே இல்ல, முன்னி," என்றாள். பௌர்ணமிக் கூட்டத்தில் அந்தக் கூடை மறையும்வரை முன்னி நின்று பார்த்தாள். தெருப் பூனை ஒன்று மெல்ல வாசற்படியில் காலை வைத்தது.

அதன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், ஒரு வம்சத்தின் சொந்தக்காரி.